பாடம் வகுத்தோர்

நுழையும்முன்

பாடநூலைக் கையில் எடுத்ததும் அதில் என்ன எழுதப்பட்டுள்ளது என்று பார்க்கிறோம். அதனை வகுத்தவர் யார், எத்தொழிலில் பழகியவர் என்று கேட்பது அரிது. கணக்கும் அறிவியலும் எல்லார்க்கும் பொதுவானவை. எனினும் எதை முதலில் கற்பிப்பது, எதை விட்டுவிடுவது, எவ்வாறு விளக்குவது என்பவற்றை வகுப்போரின் பட்டறிவே பெரிதும் முடிவு செய்கிறது. கணக்கர், மருத்துவர், அறிவியலாளர், பள்ளி ஆசிரியர் எனப் பல துறையினர் பாடம் வகுத்த வரலாற்றை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

வயலில் பிறந்த கணக்கு

திருவாரூர்க் கோயில் ஐந்து வேலி, கமலாலயக் குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி என்று கூறுவது மக்கள் வழக்கு. வேலி என்பது காவிரிப் படுகையின் நில அளவை. நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. இன்றைய வழக்கில் ஒரு மா ஏறத்தாழ 33 சென்ட் ஆகும். ஆகவே ஐந்து வேலி என்பது நூறு மா, அதாவது ஏறத்தாழ 33 ஏக்கர். தமிழ் எண்முறையில் இருபதில் ஒரு பங்காகிய பின்னத்திற்கும் மா என்பதே பெயர். வேலியை இருபதாகப் பகுத்தறிந்த உழவர் வீட்டுப் பிள்ளைக்குப் பின்னம் புதியதன்று. காலடியில் கிடக்கும் வயலே அதன் எடுத்துக்காட்டு.

திண்ணைப் பள்ளிகளில் பயிலப்பட்ட பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாற்று ஆகியவை இத்தகைய வாழ்விலிருந்து எழுந்தவை. பொன்னிலக்கம் எண்களையும் பின்னங்களையும், நெல்லிலக்கம் முகத்தலளவைகளையும், எண்சுவடி பெருக்கல் வாய்பாட்டையும், குழிமாற்று நிலப்பரப்பைக் கணக்கிடும் முறையையும் கற்பித்தன. எட்டு நாழி ஒரு குறுணி. பன்னிரண்டு குறுணி ஒரு கலம். எனவே ஒரு கலத்தில் 96 நாழி உண்டு. ஒரு கலம் நெல்லில் மாகாணிப் பங்கு, அதாவது பதினாறில் ஒரு பங்கு எவ்வளவு என்று கேட்டால், ஆறு நாழி என மாணவர் மனக்கணக்காகவே விடை கூறினர்.

இப்பாடங்களுக்குப் பின்னால் நின்றவர்கள் நிலம் அளந்தோரும், நெல் அளந்தோரும், ஊர்க்கணக்கு எழுதியோரும் ஆவர். காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரமும் நிலம், பொன், நெல் முதலிய பொருள்களைக் கொண்டே கணக்கை விளக்குகிறது. இந்நூலைத் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் பதிப்பித்துள்ளது. தொழிலறிவு பாடத்திற்கு உயிரூட்டியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அக்கல்விக்கு ஒரு பெருங்குறை இருந்தது. பெண்களுக்கும் ஒடுக்கப்பட்டோருக்கும் திண்ணையின் கதவு பெரும்பாலும் அடைபட்டே இருந்தது. வயலில் உழைத்தவரின் பிள்ளை, விளைந்த நெல்லின் கணக்கைக் கற்க இயலவில்லை. பாடம் எவ்வளவு சிறந்ததாயினும் எல்லார்க்கும் எட்டாவிடின் அது முழுமை பெறுவதில்லை.

மருத்துவர் தந்த தமிழ் அறிவியல்

அமெரிக்க மருத்துவரான சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவப் பணி புரிந்த அவர், நோயாளியின் மொழியிலேயே மருத்துவம் கற்பிக்கப்பட வேண்டும் என்று கருதினார். தாமே தமிழ் கற்று, மாணவர்களின் துணையுடன் உடற்கூறு, அறுவை மருத்துவம் முதலிய துறைகளின் நூல்களைத் தமிழில் ஆக்கினார். 1864 முதல் தமிழ்வழியே மருத்துவம் கற்பித்தார். மருத்துவத் தொழிலில் இருந்தமையால் எந்தச் சொல் மாணவருக்கும் நோயாளிக்கும் விளங்கும், எது விளங்காது என்பதை அவரால் நாள்தோறும் சோதித்தறிய முடிந்தது.

ஆய்வகத்திலிருந்து சிற்றூருக்கு

1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு புதிய அறிவியல் கல்வித் திட்டம் தொடங்கியது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய அனில் சத்கோபால் அதனை முன்னெடுத்தோருள் ஒருவர். ஆய்வாளர்களும் பல்கலைக்கழக ஆசிரியர்களும் சிற்றூர்ப் பள்ளிகளுக்குச் சென்றனர். எளிய பொருள்களைக் கொண்டு மாணவர் தாமே ஆய்வு செய்து உண்மையைக் கண்டறியும் வகையில் பாடங்கள் அமைந்தன. பள்ளி ஆசிரியர்கள் வகுப்பறையில் கண்ட இடர்ப்பாடுகளைத் தெரிவிக்க, பாடங்கள் திருத்தப்பட்டன. மாநில அரசு 2002இல் அத்திட்டத்தை நிறுத்தியபோதும், அறிவியலாளரும் ஆசிரியரும் கூடி உழைக்க முடியும் என்பதை அது நிறுவிவிட்டது.

தேசியக் கலைத்திட்டச் சட்டகம் 2005ஐ உருவாக்கிய வழிநடத்தும் குழுவுக்கு இயற்பியலாளர் யஷ்பால் தலைமை ஏற்றார். கணிதக் கல்விக்கான குழுவின் தலைவர், சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த கணினியியல் அறிஞர் இரா. இராமானுஜம். குழந்தைகளிடம் கணக்கு விளைவிக்கும் அச்சத்தையும் தோல்வியுணர்வையும் அக்குழு முதன்மைச் சிக்கலாகக் கண்டது. சூத்திரங்களை நிரப்புவதைவிடக் கணிதமுறையில் சிந்திக்கப் பழக்குவதே நோக்கம் என வலியுறுத்தியது.

வகுப்பறை கற்பித்த ஆசிரியர்

சென்னை முத்தியாலுப்பேட்டைப் பள்ளியில் கணித ஆசிரியராக விளங்கியவர் பி.கே. சீனிவாசன் (1924-2005). கும்பகோணத்தில் பயின்ற கணித மேதை இராமானுஜனின் கடிதங்களைத் தேடித் திரட்டி 1968இல் வெளியிட்டவர் இவரே. மாணவர் தாமே செய்து காட்டும் கணிதக் கண்காட்சிகளையும், செலவு குறைந்த கற்பித்தல் கருவிகளையும் இவர் பரப்பினார். எந்த இடத்தில் மாணவர் தயங்குவர், எந்த வினா அவர் கண்களை ஒளிரச் செய்யும் என்பன நெடுநாள் வகுப்பறைப் பழக்கத்தால் மட்டுமே அறியத்தக்கவை.

கூடிச் சமைக்கும் பாடம்

இவ்வரலாறு உணர்த்துவது யாது? ஆய்வறிஞர் தம் துறையின் ஆழத்தைத் தருவர். ஆனால் பதினாறு வயது மாணவரின் ஐயத்தை அவர் மறந்திருக்கக்கூடும். ஆசிரியர் அந்த ஐயத்தை நன்கறிவர். ஆனால் துறையின் அண்மை வளர்ச்சியை அறிய அவருக்கு ஓய்வு வாய்க்காமற் போகலாம். தொழில் புரிவோர் பயன்பாட்டை அறிவர். பயன்பாட்டிற்கு அப்பாற்பட்ட கோட்பாட்டின் அழகு அவர் கண்ணுக்குத் தப்பலாம். ஒருவரின் குறையை மற்றவரின் நிறை ஈடுசெய்யும்போதே நல்ல பாடம் பிறக்கிறது. தமிழ்நாட்டில் 2017இல் அமைந்த கலைத்திட்டக் குழுவுக்கு, பொறியியல் அறிஞரும் அண்ணா பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தருமான மு. அனந்தகிருஷ்ணன் தலைமை ஏற்றார். பல துறையினரும் கூடியே இத்தகைய பணி நிறைவேறுகிறது.

நெல் அளந்த கையும், நோய் தீர்த்த கையும், சுண்ணக்கட்டி பிடித்த கையும் சேர்ந்து எழுதியவையே நம் பாடங்கள். நாளை அவற்றைத் திருத்தி எழுதப்போகும் கைகள் இன்று வகுப்பறையில் இருக்கின்றன. நீங்கள் எத்தொழிலை மேற்கொண்டாலும் உங்கள் பட்டறிவு அடுத்த தலைமுறைக்குப் பாடமாகலாம். விளங்காத இடத்தில் இன்று நீங்கள் தயங்காமல் எழுப்பும் வினாவே அதற்கு முதல் வரி.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் வழங்கும் நில அளவை, முகத்தலளவைப் பெயர்களைப் பெரியோரிடம் கேட்டறிந்து, அவற்றை மெட்ரிக் அளவைகளுடன் ஒப்பிட்டு அட்டவணைப்படுத்துக.
2. "பாடம் வகுக்கும் குழுவில் உழவரும் இடம்பெற வேண்டும்" என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.