சதுரங்கப் பொறியும் தொடக்க ஏடும்

சதுரங்கத்தில் முன்னையோர் ஆடித் தெளிந்த தொடக்க நகர்வுகளைத் தொகுத்து வைப்பது தொடக்க ஏடு எனப்படும். கணினிப் பொறியின் வெற்றிக்கு அவ்வேடு எத்துணை உதவும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

ஏட்டால் விளையும் பயன் இரண்டு. ஏட்டிலுள்ள நகர்வைப் பொறி கணியாது உடனே ஆடுமாதலின் நேரம் மிஞ்சும். அன்றியும், தொடக்கத்திற் செய்த பிழையின் தீமை பல நகர்வுகளின் பின்னரே புலப்படலாம். பொறியின் கணிப்பு அத்துணைத் தொலைவு எட்டாதவிடத்து ஏடு காக்கும்.

1997 மே 11 இல் நியூயோர்க்கில் டீப் புளூ என்னும் பொறி, உலக வீரர் காஸ்பரோவை ஆறாம் ஆட்டத்தில் 19 நகர்வுகளில் வென்றது. அதன் எட்டாம் நகர்வான குதிரைப் பலி, கிராண்ட்மாஸ்டர்கள் அமைத்துக்கொடுத்த ஏட்டில் இருந்தது. அவ்வேட்டில் இருந்தவை ஏறத்தாழ 4,000 நிலைகளே. குதிரையை இழந்து பெற்ற நிலையை வெற்றியாக்கியதோ, நொடிக்கு 20 கோடி நிலைகள் வரை ஆராயவல்ல அதன் கணிப்பு வலிமை.

மாயவரத்திற் பிறந்த விசுவநாதன் ஆனந்த் 2008 இல் பொன் நகரிற் கிராம்னிக்குடன் உலகப் பட்டத்திற்கு ஆடினார். மூன்றாம், ஐந்தாம் ஆட்டங்களிற் கறுப்புக் காய்களோடு, முன்னரே ஆராய்ந்து வைத்த ஒரே தொடக்க வழியிற் சென்று இரண்டையும் வென்றார். ஆயினும் ஐந்தாம் ஆட்டத்தின் முடிவு 29 ஆம் நகர்விலேதான் பிறந்தது. ஏட்டின் எல்லை கடந்த அவ்விடத்திற் கிராம்னிக் பிழைத்தார். ஆனந்த் அதனைக் கண்டுகொண்டார்.

இனி, ஏடே இல்லாத பொறியின் நிலை யாது? ஆல்பாசீரோ என்னும் பொறிக்கு ஆட்ட விதிகள் மட்டுமே அளிக்கப்பட்டன. தன்னோடு தானே ஆடிப் பயின்றது. ஸ்டொக்ஃபிஷ் என்னும் பொறிக்கு வலிய தொடக்க ஏடொன்றைக் கொடுத்து அதனோடு மோதவிட்டும் ஆல்பாசீரோவே வென்றதென 2018 இல் வெளியான ஆய்வு கூறுகின்றது. இற்றைநாட் பொறிப்போட்டிகளிலோ தொடக்கத்தை நடத்துநரே வகுத்து, இரு பொறிகளையும் அதனை இரு பக்கமிருந்தும் ஆடச் செய்கின்றனர். இதனால் ஏட்டின் ஆதாயம் நீங்க, பொறியின் வலிமையே அளக்கப்படுகின்றது.

ஆகவே, வலிமை ஒத்தவரிடையே ஏடு வெற்றியை ஒருபாற் சாய்க்கலாம்; இல்லாத வலிமையை அஃது ஆக்கித் தராது. திருக்கோணமலைத் துறைமுகத்தினின்று கப்பலை வெளிக்கொணரும் வழிகாட்டி ஆழ்கடல் வரை உடன் செல்வதில்லை. சல்லிக் கரையிற் சதுரங்கம் பயிலும் இளைஞரும் ஏட்டை மனனஞ் செய்வதோடமையாது, ஒவ்வொரு நகர்வுக்கும் காரணம் வினவிக் கற்பாராக.