அடுத்த பயிற்றுநர் யார்?

சிலாங்கூர் காற்பந்துக் குழுவின் பயிற்றுநர் மாறப்போகிறார் என்ற பேச்சு எழுந்துவிட்டால் போதும், ஸ்ரீ கெம்பாங்கானில் எங்கள் வீட்டருகே உள்ள உணவுக்கடையில் சீக்கிரம் மேசை கிடைக்காது. ஒரு குவளை தே தாரேக்கை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் வாதிடுவார்கள். பயிற்றுநரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் குழு நிர்வாகத்திடம்தான் இருக்கிறது. இவர்களிடம் ஒருவரும் கருத்துக் கேட்கப் போவதில்லை. ஆனால், டிக்கெட் வாங்கி அரங்கத்தை நிரப்புபவர்கள் இவர்கள்தாமே!

அன்றும் அப்படித்தான். சிவப்பும் மஞ்சளும் கலந்த சட்டையோடு வந்திருந்த மாமா பேச்சைத் தொடங்கினார்.

"2009, 2010 என இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கே. தேவன் நமக்கு லீக் கிண்ணத்தை வென்று கொடுத்தார். 2015இல் மலேசியக் கிண்ணத்தை 33ஆவது முறையாக வென்றோம். அதன் பிறகு எத்தனை பயிற்றுநர்கள் வந்தார்கள், போனார்கள்! காத்திருந்தது போதும். வந்தவுடனே வெல்லக்கூடிய ஒருவர் வேண்டும்."

"வெளிநாட்டவரா, உள்ளூர்க்காரரா, மாமா?" என்று கேட்டார் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பக்கத்து வீட்டு அண்ணன்.

"உள்ளூர்க்காரர்தான். ஆட்டக்காரர்களின் மொழியும் மனமும் அவருக்குத்தான் புரியும்."

"2015இல் கிண்ணத்தை வென்று தந்த மெஹ்மெட் துராக்கோவிச் ஆஸ்திரேலியர் ஆயிற்றே!"

"அவர் முன்பு சிலாங்கூருக்கு ஆடியவர், தம்பி. பாதி உள்ளூர்க்காரர் என்று வைத்துக்கொள்!" என்றார் மாமா. எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

அண்ணன் விடவில்லை. "ஜொகூரைப் பாருங்கள். 2014 முதல் லீக் கிண்ணம் அவர்களிடமே இருக்கிறது. குரோவேசியர், அர்ஜெண்டினர், மெக்சிகோக்காரர் எனப் பயிற்றுநர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். கிண்ணம் மட்டும் கைமாறவில்லை. அங்கே பயிற்சித் திடலும் பணமும் இளையோர் குழுக்களும் உறுதியாக இருக்கின்றன. அவை இல்லாமல் யாரைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் என்ன பயன்?"

இந்தக் கேள்விக்கு மாமாவிடம் உடனே பதில் இல்லை. அதுவரை ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்த தாத்தா தலைநிமிர்ந்தார். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநரான அவர் பேசத் தொடங்கினால் மாமாகூட அமைதியாகிவிடுவார்.

"உங்களுக்கு 2010 நினைவிருக்கிறதா?" என்று கேட்டார் தாத்தா.

அப்போது நான் பிறந்திருக்கவே இல்லை. ஆனால், அந்தக் கதையைத் தாத்தா சொல்லக் கேட்பதில் எனக்குச் சலிப்பே இல்லை.

அதற்கு முந்திய சில ஆண்டுகள் நம் தேசியக் குழுவுக்கு வேதனையானவை. 2007இல் ஆசியக் கிண்ணப் போட்டியை ஏற்று நடத்திய நான்கு நாடுகளுள் மலேசியாவும் ஒன்று. சொந்த மண்ணில் சீனாவிடம் 1–5, உஸ்பெகிஸ்தானிடம் 0–5, ஈரானிடம் 0–2 என மூன்று ஆட்டங்களிலும் தோற்றோம். 2009 தொடக்கத்தில் ஐக்கிய அரபு சிற்றரசுகளிடம் மீண்டும் 0–5. பயிற்றுநர் பி. சத்தியநாதன் விலக நேர்ந்தது. அந்த இடத்துக்குக் கே. ராஜகோபால் வந்தார். முன்னாள் சிலாங்கூர் ஆட்டக்காரரான அவர், இளம் ஆட்டக்காரர்களை நம்பினார். அதே ஆண்டு டிசம்பரில் லாவோசில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் வியட்நாமை 1–0 என வென்று அவருடைய இளையோர் தங்கம் வென்றார்கள். அதற்கு முன் மலேசியா காற்பந்தில் அந்தத் தங்கத்தை வென்றது 1989இல்!

"இதுவரை எல்லாம் நல்ல கதை," என்றார் தாத்தா. "இனிதான் நீங்கள் கவனிக்க வேண்டும். 2010 டிசம்பர் 1ஆம் தேதி, ஜகார்த்தா. தென்கிழக்காசியக் கிண்ணத்தின் முதல் ஆட்டம். இந்தோனேசியாவிடம் 1–5 என்று தோற்றோம். அன்றிரவு நானும் சொன்னேன், 'இந்த ராஜகோபாலை அனுப்பிவிடுங்கள்' என்று."

"நீங்களா, தாத்தா?" என்றேன் நம்ப முடியாமல்.

"நானேதான். இதே கடையில், இதைவிட உரக்கக் கத்தினேன்."

அதன் பிறகு நடந்தவற்றை அவர் விரல்விட்டு எண்ணிச் சொன்னார். தாய்லாந்துடன் கோலின்றிச் சமநிலை. லாவோசை 5–1 என வென்றோம். அரையிறுதியில் வியட்நாமை புக்கிட் ஜாலிலில் 2–0 எனத் தோற்கடித்தோம். ஹனோயில் கோல் விடாமல் தடுத்தோம். இறுதியாட்டத்தில் எதிரே நின்றது யார்? நம்மை ஐந்து கோல்களால் அடித்த அதே இந்தோனேசியா!

டிசம்பர் 26ஆம் தேதி, புக்கிட் ஜாலில் தேசிய அரங்கில் முதல் சுற்று. இங்கிருந்து கூப்பிடு தூரம்தான். தாத்தாவும் போயிருந்தார். உட்கார இடமில்லாமல் படிக்கட்டிலும் ஆட்கள். நம் ரசிகர்கள் சிலர் எதிரணியினரின் முகத்தில் லேசர் ஒளி பாய்ச்சியதால் ஆட்டம் சிறிது நேரம் நின்றுபோனது. "அது வெட்கக்கேடு. அதை மறைத்துக் கதை சொல்லக்கூடாது," என்பார் தாத்தா. ஆட்டம் தொடர்ந்தபின் சஃபி சாலி இரண்டு கோல்களும் அஷாரி சம்சுடின் ஒரு கோலும் போட, 3–0 என வென்றோம். 29ஆம் தேதி ஜகார்த்தாவில், கோல் காவலர் கைருல் ஃபாமி பினால்டி உதையைப் பிடித்துவிட்டார். 1–2 எனத் தோற்றாலும் மொத்தத்தில் 4–2. மலேசியா அந்தக் கிண்ணத்தை வென்றது அதுவே முதல் முறை. 31ஆம் தேதி நாடு முழுவதும் பொது விடுமுறை!

"பார்த்தாயா? பொறுமை வேண்டும்," என்றார் அண்ணன் மாமாவிடம். "அலெக்ஸ் பெர்குசனும் 1986இல் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்தார், முதல் கிண்ணம் கிடைத்தது 1990இல்."

மாமா சளைக்கவில்லை. "பெர்குசனை மட்டும் சொல்கிறாய். அவரே தேர்ந்தெடுத்த டேவிட் மோயசுக்கு என்ன ஆயிற்று? ஆறாண்டு ஒப்பந்தம், பத்து மாதங்களில் வீட்டுக்குப் போனார். பொறுத்தவர்கள் எல்லாரும் கிண்ணம் வாங்கிவிடவில்லை. ராஜகோபாலுக்கும் 2013 முடிவில் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லையே! ஒருவரை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பதற்கு யார் கணக்குச் சொல்வது?"

மாமா சொன்னதிலும் நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றியது. தாத்தாவும் மறுக்கவில்லை.

"நீ பேசாமலே இருக்கிறாயே. நீயாக இருந்தால் யாரைப் போடுவாய்?" என்று மாமா திடீரென்று என் பக்கம் திரும்பினார்.

எனக்குப் பெயர் எதுவும் தோன்றவில்லை. "வருகிறவரிடம் ஒன்று கேட்பேன், மாமா. 'ஐந்து கோல் வாங்கிய மறுநாள் காலை, பயிற்சித் திடலில் நீங்கள் என்ன செய்தீர்கள்?' என்று கேட்பேன்."

"ஐந்து கோல் வாங்காதவராக இருந்தால்?"

"அப்படி ஒருவர் நமக்கு வரமாட்டார்," என்றார் தாத்தா.

கடைக்காரர் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினார். மாமா பணத்தை எண்ணி மேசைமீது வைத்தார். வாசல்வரை வந்தவர் நின்று, "இருந்தாலும், உள்ளூர்க்காரர்தான்," என்றார். அண்ணன் மறுபடியும் வாயைத் திறந்தார்.