எல்லோருக்கும் ஒரே அளவு நியாயமா?

கேள்வி: இணைய முகவரிகள் தீரும் நிலையில், பெரிய நிறுவனத்துக்கும் நேற்று தொடங்கிய சிறு நிறுவனத்துக்கும் ஒரே உச்சவரம்பு வைத்தது சரியா?

பதில்: சரிதான். ஐபிவி4 முறையில் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள். 2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பு தீர்ந்தபோது, கடைசி ஐந்து தொகுதிகளும் ஐந்து வட்டாரப் பதிவகங்களுக்கு ஆளுக்கொன்றாகப் பிரிக்கப்பட்டன. ஆசிய-பசிபிக் பதிவகமான ஏப்நிக், தன் கடைசித் தொகுதியின் சுமார் 1.68 கோடி முகவரிகளில் ஓர் உறுப்பினருக்கு அதிகபட்சம் 1,024 என வரம்பு கட்டியது. 2019இல் அதையும் 512 ஆகக் குறைத்தது. 1,024 வீதம் பிரித்தால் 16,384 பேருக்குக் கிடைக்கும். கேட்டவருக்குக் கேட்டபடி கொடுத்திருந்தால் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரோடு முடிந்திருக்கும்.

கோடி வாடிக்கையாளர் உள்ளவருக்கு 1,024 எம்மாத்திரம் என்று கேட்கலாம். ஆனால் அவரிடம் முன்பே பெற்ற முகவரிகள் இருக்கின்றன. ஒரே முகவரியைப் பலருக்குப் பகிரும் வசதியும் இருக்கிறது. புதியவரிடம் எதுவுமில்லை. அவர் முகவரிகள் மிகுந்த புதிய முறையான ஐபிவி6க்கு நேரே போனாலும், பழைய தளங்களை எட்டச் சில ஐபிவி4 முகவரிகள் வேண்டும். வாங்கி விற்றுவிடுவார்களே என்ற அச்சத்துக்கு, இந்தத் தொகுதியில் பெற்ற முகவரிகளை ஐந்தாண்டுக்குக் கைமாற்றக் கூடாது என்ற தடை பதில் சொல்கிறது. பெரியவர்கள் வளர ஐபிவி6 இருக்கிறது. மிச்சமிருப்பது புதியவர்கள் உள்ளே வரவே பயன்பட வேண்டும்.