வாடிக்கையாளர் யாருடையவர்? வலை வடிவமைப்பில் தனித்தொழில் தொடங்கும் மாணவருக்கு ஒரு வழிகாட்டி

விஸ்காம் அல்லது டிசைன் படிப்பின் கடைசி ஆண்டில் இருப்பவர், இணையதள வடிவமைப்பில் ஃப்ரீலான்ஸ் தொழில் தொடங்க நினைத்தால் மூன்று வழிகள் உண்டு. ஏதாவது ஒரு ஏஜென்சியில் ஓரிரு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு வெளியே வருவது ஒன்று. அப்வொர்க், ஃபைவர் போன்ற சந்தைத் தளங்களில் கணக்குத் தொடங்கி வெளிநாட்டு வேலைகளைப் பிடிப்பது இன்னொன்று. சொந்த ஊரிலேயே கடைகளையும் கம்பெனிகளையும் நேரில் போய்ப் பார்ப்பது மூன்றாவது. எதில் அதிகம் சம்பாதிக்கலாம் என்றே எல்லோரும் கேட்கிறார்கள். ஆரம்ப ஆண்டுகளில் அதற்கு முன்னால் வைக்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: வேலை முடிந்தபிறகு அந்த வாடிக்கையாளர் யாருடையவர்? அவர் அடுத்த வேலைக்கும் உங்களுக்கே போன் செய்தால்தான் அது தொழில்.

சந்தைத் தளங்களில் நுழைவது எளிது, அதனால் பலர் அங்கிருந்தே தொடங்குகிறார்கள். கணக்கைப் பார்ப்போம். ஃபைவர் உங்கள் வருமானத்தில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. 100 டாலர் வேலைக்குக் கைக்கு வருவது 80. அதற்கு மேல் வங்கியின் நாணய மாற்றுச் செலவு. அப்வொர்க்கில் கட்டணம் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். 15 சதவீதம் வரை போகலாம். அங்கே விண்ணப்பிக்கவே 'கனெக்ட்' எனும் டோக்கன்கள் வேண்டும், அவற்றைப் பெரும்பாலும் காசு கொடுத்தே வாங்கவேண்டும். வேலை கிடைக்காவிட்டால் பெரும்பாலும் அந்தக் காசு போனதுதான். இவையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளக்கூடியவை. ஆனால் அப்வொர்க்கில் அறிமுகமான வாடிக்கையாளரிடம் இரண்டு ஆண்டுகளுக்குத் தளத்துக்கு வெளியே பணம் வாங்கக்கூடாது என்பது விதி. வாங்க விரும்பினால் அதற்குத் தனிக் கட்டணம் கட்டவேண்டும். ஆக, உழைப்பு உங்களுடையது, மதிப்பெண் உங்களுடையது, வாடிக்கையாளர் தளத்துடையவர். கணக்கு முடக்கப்பட்டால் எல்லாம் ஒரே நாளில் போய்விடும்.

அதற்காக அந்த வழியே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் ஆங்கிலத்தில் விவரம் கேட்டு, வேலையின் எல்லையை வரையறுத்து, குறித்த தேதியில் ஒப்படைக்கும் பழக்கத்தை அது நன்றாகக் கற்றுத் தரும். ஒரு குறிப்பிட்ட திறமை கையில் இருப்பவருக்கு, உதாரணமாக ஷாப்பிஃபை கடை மட்டும் செய்பவருக்கு, அங்கே இடம் உண்டு. 'எல்லா வகை வெப்சைட்டும் செய்வேன்' என்று போய் நிற்பவர் விலையைக் குறைத்துக் குறைத்தே களைத்துப்போவார்.

ஏஜென்சி வேலையைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. கல்லூரி சொல்லித்தராத விஷயங்கள் அங்கே கிடைக்கும்: கொட்டேஷன் எப்படி எழுதப்படுகிறது, டெவலப்பரிடம் டிசைனை எப்படி ஒப்படைப்பது, கிளையன்ட் பத்தாவது முறை மாற்றம் கேட்கும்போது மூத்தவர்கள் என்ன பதில் சொல்கிறார்கள். குடும்பத்தில் யாரும் தொழில் செய்து பழக்கமில்லாதவருக்கு இது மிகவும் பயன்படும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், ஊழியராக இருந்து செய்த வேலையின் உரிமை முதலாளிக்கே. எனவே எந்தெந்த வேலைகளை உங்கள் போர்ட்ஃபோலியோவில் காட்டலாம் என்று வெளியேறும் முன்பே மின்னஞ்சலில் கேட்டு வாங்கிவிடுங்கள். வேலையில் இருந்துகொண்டே வெளிவேலை செய்யலாமா என்பது நியமனக் கடிதத்தில் எழுதியிருக்கும். கையெழுத்துப் போடும் முன் படியுங்கள்.

எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது மூன்றாவது வழி. தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் ஒரு தொழில் இருக்கிறது. திருப்பூரில் பின்னலாடை, கரூரில் வீட்டு உபயோகத் துணிகள், கோவையில் பம்புசெட்டும் இயந்திர பாகங்களும், சிவகாசியில் பட்டாசும் அச்சும், காஞ்சிபுரத்தில் பட்டு. அதில் ஒரே ஒரு தொழிலை எடுத்துக்கொள்ளுங்கள். கரூரில் ஓர் ஏற்றுமதியாளருக்குத் தளம் செய்தால், வெளிநாட்டு பையர் என்ன தேடுவார், எந்தச் சான்றிதழை முன்னால் காட்டவேண்டும், துணியின் நெசவு தெரிய எவ்வளவு நெருங்கிப் படம் எடுக்கவேண்டும் என்பதெல்லாம் பிடிபட்டுவிடும். அடுத்த தெருவில் இருக்கும் ஏற்றுமதியாளருக்கு இரண்டாவது தளத்தைப் பாதி நேரத்தில், இன்னும் நன்றாகச் செய்யலாம். அவர்களெல்லாம் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். வேலை பிடித்தால் செய்தி தானாகப் பரவும், பிடிக்காவிட்டாலும் பரவும்.

உள்ளூரில் உங்களுக்கு இன்னொரு பலம் தமிழ். தமிழில் வரும் கடைத் தளங்கள் பலவற்றில் எழுத்து பார்க்கச் சகிக்காது. ஆங்கிலத்துக்காக வடிவமைத்த டெம்ப்ளேட்டில் தமிழைக் கொட்டியிருப்பார்கள். மேலே புள்ளியும் இகரக் குறியும், கீழே உகரச் சுழியும் வருகிற நம் எழுத்துக்கு வரிகளுக்கிடையே கூடுதல் இடம் வேண்டும். நம் சொற்கள் நீளமானவை. 'தொடர்புகொள்ள' என்பது 'காண்டாக்ட்' பொத்தானுக்குள் அடங்காமல் உடைந்து நிற்கும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரான் எனப் பல எழுத்துருக்கள் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகவே கிடைக்கின்றன. எது சிறிய அளவில் போன் திரையில் தெளிவாக இருக்கிறது, எது தலைப்புக்கு மட்டும் பொருந்தும் என்று வைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கண் வேண்டும். அந்தக் கண் டிசைன் மாணவருக்கு இருக்கிறது. கடைக்காரர் தரும் பழைய விலைப்பட்டியல் பெரும்பாலும் பாமினியிலோ வானவில்லிலோ அடித்ததாக இருக்கும். அதை அப்படியே வலையில் ஒட்டினால் புரியாத குறிகள்தான் வரும். யூனிகோடுக்கு மாற்றி, ஒவ்வொரு வரியையும் சரிபார்க்கவேண்டும். தமிழ் தெரியாத வெளியூர் ஏஜென்சிக்கு இந்த வேலை வராது.

உள்ளூர் வழியின் கஷ்டம் பணம் வசூலிப்பது. 'அடுத்த வாரம் பார்க்கலாம் தம்பி' என்பது மாதக்கணக்கில் நீளும். இதற்கு 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள்) சட்டம் கைகொடுக்கும். அதற்கான உத்யம் பதிவு ஆன்லைனில் இலவசம். ஒருவர் மட்டும் நடத்தும் சேவைத் தொழிலும் குறுந்தொழிலாகப் பதிவாகலாம். பதிவு செய்தவருக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன தேதிக்குள், அதிகபட்சம் 45 நாளில், ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தரவேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கில் கூட்டு வட்டி. வாடிக்கையாளரின் ஆடிட்டருக்கு இது நன்றாகத் தெரியும். உங்கள் பில்லில் உத்யம் எண் அச்சாகியிருந்தாலே நிலைமை மாறும். ஆனாலும் பாதிப் பணம் முன்பணமாக வராமல் வேலையைத் தொடாதீர்கள். மீதியைத் தளம் வெளியாகும் முன் வாங்கிவிடுங்கள்.

கருவியைத் தேர்ந்தெடுக்கும்போதும் அதே கேள்வியைக் கேளுங்கள்: நாளை வாடிக்கையாளர் வேறிடம் போக நினைத்தால் எதை எடுத்துக்கொண்டு போக முடியும்? வேர்ட்பிரஸ் 2003 முதல் இருக்கும் கட்டற்ற மென்பொருள். உலக இணையதளங்களில் ஐந்தில் இரண்டுக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன. முழுத் தளத்தையும் ஒரு ஹோஸ்டிங்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றலாம். ஆனால் பிளக்கின்களைத் தவறாமல் அப்டேட் செய்யாவிட்டால் யாராவது உள்ளே புகுந்துவிடுவார்கள். அந்தப் பராமரிப்பையே மாதச் சந்தாவாக விற்கலாம். வெப்ஃப்ளோவில் டிசைனர் தன் கண்ணுக்குத் தோன்றியதைக் நிரல் எழுதாமலே கட்டலாம். கட்டணம் டாலரில் ஓடிக்கொண்டே இருக்கும். நிரலை வெளியே எடுத்தாலும் அதன் உள்ளடக்கப் பகுதியும் படிவங்களும் கூட வராது. விக்ஸில் கட்டிய தளத்தை வெளியே எடுக்கவே முடியாது. பொருள் விற்கும் கடைக்கு ஷாப்பிஃபை வசதிதான். பொருள் பட்டியலைக் கொண்டுபோகலாம், கடையின் தோற்றத்தைக் கொண்டுபோக முடியாது. சிறிய ஊர்க் கடைக்கும் ஏற்றுமதியாளருக்கும் நான் வேர்ட்பிரஸையே சொல்வேன். எந்தக் கருவியானாலும் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் இரண்டையும் கையால் எழுதப் பழகுங்கள். பழுது வரும்போது அதுதான் உதவும். டிசைனுக்கு ஃபிக்மா மாணவர்களுக்கு இலவசம்.

டொமைன் பெயர் வாடிக்கையாளரின் பெயரில், அவருடைய மின்னஞ்சலில், அவருடைய போனுக்கு ஓடிபி வரும்படி பதிவாகவேண்டும். தன் பெயரில் பதிந்துகொண்டு, பிணக்கு வந்தால் தளத்தை முடக்கும் வடிவமைப்பாளர்கள் இருக்கிறார்கள். அது அநியாயம். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். உங்கள் உரிமைக்கு வேறு நேர்மையான வழி இருக்கிறது: ஊழியராக இல்லாமல் வெளியிலிருந்து செய்துதரும் டிசைனின் பதிப்புரிமை, எழுத்தில் மாற்றித் தராதவரை, பொதுவாகச் செய்தவருக்கே. முழுப் பணமும் வந்தபின் உரிமை மாறும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். உரிமை மாற்றத்தின் கால அளவையும் எழுதுங்கள். எழுதாவிட்டால் சட்டப்படி ஐந்து ஆண்டுகள் மட்டுமே செல்லும்.

விலை சொல்லத்தான் மாணவர்கள் அதிகம் தயங்குகிறார்கள். மாதம் 30,000 ரூபாய் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வேலை நாட்கள் 20. அதில் பாதி ஆள் பார்க்க, கொட்டேஷன் எழுத, பணம் கேட்க என்று போய்விடும். மீதி 10 நாளில் 30,000 வரவேண்டுமென்றால் ஒரு நாளின் விலை 3,000. எட்டு நாள் பிடிக்கும் தளத்துக்கு 24,000-க்குக் கீழே சொன்னால் நஷ்டம். எத்தனை முறை திருத்தம் என்பதையும் கொட்டேஷனிலேயே எழுதுங்கள். வரியைக் கண்டு இப்போதே பயப்படவேண்டாம்: தமிழ்நாட்டில் சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. கம்பெனிகள் டிடிஎஸ் வரியைப் பிடித்துக்கொண்டு பணம் தரும். வருமானம் வரிவரம்புக்குள் இருந்தால் ரிட்டர்ன் தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறலாம்.

என் தீர்ப்பு இது. தொழில் பழக்கமில்லாத வீட்டிலிருந்து வருபவர், மாதச் சம்பளம் உடனே தேவைப்படுபவர், ஏஜென்சியில் சேரட்டும். இரண்டு ஆண்டுக்குமேல் தங்கவேண்டாம். ஒரு குறுகிய திறமையில் தேர்ந்தவர் சந்தைத் தளத்தில் நுழையலாம். வருமானம் முழுவதும் அங்கிருந்தே வரும் நிலைக்குப் போகவேண்டாம். மற்ற எல்லோருக்கும் சொந்த ஊர்தான் நல்ல தொடக்கம். கல்லூரி முடியும் முன்பே ஒரு கடைக்கு, ஒப்பந்தம் போட்டு, முன்பணம் வாங்கி, ஒரு தளத்தைச் செய்து முடியுங்கள். உறவினர் கடையாக இருந்தாலும் இலவசமாகச் செய்யாதீர்கள்.