உப்புக்கு நல்ல நாள், நடைக்கு ஆகாத நாள்

அன்புள்ள தம்பிக்கு,

பழவேற்காட்டில் தொடங்கிக் கடலோரமாகவே நடந்து, கன்னியாகுமரியையும் தாண்டிக் கேரள எல்லையில் முடிக்கப்போவதாக எழுதியிருக்கிறாய். நல்ல ஆசை, கட்டாயம் செய். ஆனால் நீ அனுப்பிய திட்டத்தில் முதுகுப்பை, காலணி, கூடாரம், பவர் பேங்க் எல்லாவற்றுக்கும் இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறாய். புறப்படும் நாளைப் பற்றி ஒரே வரிதான்: இறுதித் தேர்வு முடிந்ததும் ஏப்ரலில், நாளுக்கு 30 கிலோமீட்டர். அந்த வரியை மாற்றச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எந்த மாதத்தில், எந்த வேளையில் நடக்கிறாய் என்பதுதான் நம் கரையில் நெடுநடையைக் காப்பதும் கெடுப்பதும். இதற்குச் சாட்சி உன் வழியிலேயே இருக்கிறது: மரக்காணத்து உப்பளம்.

உப்பு விளையக் கொளுத்தும் வெயில் வேண்டும், ஓயாத காற்று வேண்டும், மழை கூடாது. நீரின் அடர்த்தியைக் காட்டும் போமே அளவையில் கடல்நீர் 3 டிகிரி அளவில்தான் இருக்கும். உவர்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி 25 டிகிரிக்கு ஏற்றிய பிறகே உப்பு இறங்கும். அத்தனை நீரையும் உறிஞ்சுகிற வெயிலும் காற்றும் உன் உடம்பையும் உறிஞ்சும். வியர்வை அந்தக் காற்றில் அப்போதே காய்ந்துவிடுவதால், எவ்வளவு இழந்தாய் என்பதும் தெரியாது. ஒதுங்க ஒரு மரம் இருக்காது. ஆக, உப்புக்கு எது நல்ல பருவமோ அதுவே நடப்பவனுக்குக் கெட்ட பருவம். அளத்துத் தொழிலாளர்களுக்கு இது பாடம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கோடையில் உப்பு வார விடியுமுன்பே இறங்கி, வெயில் ஏறுவதற்குள் முடிந்தவரை முடிக்கப் பார்க்கிறார்கள். அப்படியும் உடம்பு தப்புவதில்லை. தமிழக உப்பளத் தொழிலாளர்களிடம் ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு, வெப்பத்துக்கும் சிறுநீரகத்தின் செயல் குறைவதற்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. ஆண்டுக்கணக்கில் வெயிலில் பழகியவர்களுக்கே இந்த நிலை என்றால், வகுப்பறையிலிருந்து நேரே வரும் உடம்பை ஏப்ரலில் இறக்குவதைத் துணிச்சல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரி, எப்போதுதான் நடப்பது? அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 இரவில் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கடந்தது. சித்திரை பிறந்தால் கோடை. இடையில் மிஞ்சுவது தையும் மாசியும் பங்குனியும்தான். தமிழகக் கடற்கரை ஏறத்தாழ 1,076 கிலோமீட்டர். நாளுக்கு 16 என்றால் 67 நாள் நடை. வாரம் ஒரு நாள் ஓய்வும் சேர்த்தால் எண்பது நாளுக்குள் முடியும். பொங்கல் கழிந்து புறப்பட்டால் ஜனவரி கடைசியில் மரக்காணம், பிப்ரவரி நடுவில் வேதாரண்யம், மார்ச் பிற்பகுதியில் தூத்துக்குடி. மூன்றும் உப்பு விளையும் ஊர்கள். முதல் ஊரில் நீ நுழையும்போது வெயில் இளசாக இருக்கும். மூன்றாவதில் அது முற்றியிருக்கும், ஆனால் உன் உடம்பும் அதற்குள் தேறியிருக்கும். வெப்பத்துக்குப் பழக உடம்புக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் தேவை. உவர்நீரைப் போலவே உடம்பையும் பாத்தி பாத்தியாகத்தான் மாற்ற வேண்டும்.

அமெரிக்காவின் பசிபிக் க்ரெஸ்ட் பாதையில் நாளுக்கு 30 கிலோமீட்டர் சாதாரணம்தானே என்று கேட்பாய். உண்மைதான், ஏறத்தாழ 4,265 கிலோமீட்டரை ஐந்து மாதத்தில் முடிப்பவர்கள் உண்டு. ஆனால் வடக்கு நோக்கி நடப்பவர்கள் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில் கிளம்புவது ஏன் என்று பார். தென் கலிபோர்னியப் பாலையைக் கோடை முற்றுமுன் கடக்க வேண்டும். சியரா நெவாடாவில் பனி இளகிய பின் ஏற வேண்டும். வடகோடியில் அடுத்த பனிக்கு முன் முடிக்க வேண்டும். அவர்களிடம் நீ கற்க வேண்டியது இந்தக் கணக்கைத்தான். 1930-இல் உப்புச் சத்தியாகிரகத்துக்காக ராஜாஜியும் தொண்டர்களும் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குச் சித்திரை வெயிலில்தானே நடந்தார்கள் என்றும் கேட்கலாம். ஏப்ரல் 13-இல் புறப்பட்டு 28-இல் சேர்ந்தார்கள். தூரம் ஏறத்தாழ 240 கிலோமீட்டர். வகுத்துப் பார், நாளுக்கு 16 தான் வரும். உதவுவோரைத் தண்டிப்போம் என்று தஞ்சை கலெக்டர் தார்ன் எச்சரித்தும் வழியோர மக்கள் அவர்களைப் பசியோடு விடவில்லை. அந்த மாதத்தை அவர்களுக்குக் குறித்தது போராட்டம். உனக்கு அப்படி ஒரு கட்டாயமும் இல்லை.

ஈசிஆர் நெடுகிலும் டீக்கடை இருக்க, இத்தனை கணக்கு எதற்கு என்பது அடுத்த கேள்வி. கடை சாலையில் இருக்கிறது; நீ நடக்க விரும்புவதோ மணலில். பாலாற்று முகத்துவாரமும், கழுவெளி ஏரி கடலோடு சேரும் கழியும் குறுக்கே வரும்போது, கண்ணெதிரே தெரியும் மறுகரைக்குப் பாலம் வழியாகச் சுற்ற வேண்டியிருக்கும். காலை நேரம் அதிலேயே போய்விடும். 16 கிலோமீட்டர் என்ற அளவு இந்தச் சுற்றுக்கும் இடம் தருகிறது. ஐந்து மணிக்குக் கிளம்பு. பத்து மணிக்குள் நிழலில் உட்கார். மிச்சத்தை நாலு மணிக்கு மேல் நட. நாலு லிட்டர் தண்ணீர் கொள்ளும்படி பையில் இடம் வை. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். உப்பிட்ட நீர்மோரோ கஞ்சியோ குடி. வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு லிட்டர் நீருக்கு ஆறு தட்டைத் தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும். உப்பள வரப்பில் கேட்காமல் கால் வைக்காதே. 2021 முதல் கழுவெளி பறவைகள் சரணாலயம் என்பதையும் மறக்காதே.

நண்பகலை எந்த ஊரில் கழிப்பது என்பதையும் முன்பே குறித்துக்கொள். யாரையும் சாராமல் நடப்பதே பெருமை என்று எழுதியிருந்தாய். சங்க நூலான சிறுபாணாற்றுப்படையைப் புரட்டிப் பார். மரக்காணம் என்று ஆய்வாளர்கள் கருதும் எயிற்பட்டினத்திலிருந்து வேலூர், ஆமூர் வழியாகக் கிடங்கில் வரை பாணனுக்கு வழி சொல்லும்போது, எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்பதையும் அது சொல்லிக்கொண்டே போகிறது. வழியறிவில் பாதி, ஊராரை அறிவதுதான்.

ஆகவே இந்த ஏப்ரலைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்: விடியலில் எட்டு, பத்து கிலோமீட்டர், பாதிச் சுமையோடு. தை மாதத்தில் ஒரு தேதியைக் குறித்துவிட்டு, அந்த இரண்டு பக்கப் பட்டியலை மறுபடி எடு. பாதிப் பொருளை நீயே அடித்துவிடுவாய் என்று நம்புகிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்