பிள்ளையின் வியாதிக்கு நாம் பொறுமை கொள்ளலாமா?

அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் வாசலில் தாய்மார்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓதிப் பார்ப்பதற்காகக் காத்து நிற்பது நம் பகுதியில் பழைய வழக்கம். திருநெல்வேலியிலிருந்து நாசரேத், குரும்பூர், காயல்பட்டினம் வழியாகத் திருச்செந்தூர் செல்லும் ரயில் பாதை நெடுகிலும் இதைக் காணலாம். கிறிஸ்தவத் தாய்மாரும் இந்துத் தாய்மாரும் கூட வருகிறார்கள். ஓதி ஊதுவது ஆகுமான காரியம்தான். அதற்கு ஹதீஸில் ஆதாரமுண்டு. ஆனால் ஓதிய பிறகு அந்தப் பிள்ளையை எங்கே அனுப்புவது என்ற மஸ்அலாவை நம்மில் பலர் சிந்திப்பதில்லை. நாமும் சிந்தித்ததில்லை, ஒரு பையன் நம்மிடம் வரும்வரை.

சில ஆண்டுகளுக்கு முன் நாசரேத் பக்கத்திலிருந்து ஒரு வாப்பா தம் மகனைக் கூட்டி வந்தார். வயது 14. ஒளுச் செய்ய உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் எழுந்திருக்க மாட்டான். கை கழுவினேனா, மூன்று முறை ஆயிற்றா என்று மறுபடி மறுபடி கழுவுவான். நிய்யத்து சரியாக வரவில்லையென்று தக்பீரைக் கட்டிக் கட்டி அவிழ்ப்பான். உம்மா அதட்டினால் அழுவான். ஊர்ப் பெரியவர்களோ, "பேணுதலான பிள்ளை" என்று மெச்சிக்கொண்டிருந்தார்கள். நாம் என்ன செய்தோம்? "இது வஸ்வாஸ், ஷைத்தானுடைய வேலை" என்று சொல்லி, 40 நாளைக்குத் தண்ணீர் ஓதிக் கொடுத்தோம். நாற்பதாவது நாள் அவன் விரல் இடுக்குகளெல்லாம் வெடித்து இரத்தம் கசிந்தது. பள்ளிக்கூடத்திற்கும் போவதை நிறுத்திவிட்டான். கடைசியில் அவனுடைய வகுப்பு ஆசிரியர்தான், "பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, கூட்டிப் போங்கள்" என்று வாப்பாவிடம் சொன்னார். அந்த 40 நாளுக்கு நாமே கணக்குச் சொல்லியாக வேண்டும்.

இங்கே ஒரு மஸ்அலாவைத் தெளிவுபடுத்த வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் மருத்துவம் செய்துகொள்வது ஸுன்னத்து. வலிப்பு நோயால் வருந்திய ஒரு பெண்மணி நபி (ஸல்) அவர்களிடம் வந்து துஆச் செய்யும்படி வேண்டியபோது, பொறுத்துக்கொண்டால் சுவர்க்கம் உண்டு, விரும்பினால் சுகத்திற்காக துஆச் செய்கிறேன் என்று அவர்கள் இரண்டு வழியையும் சொன்னதும், அப்பெண்மணி பொறுமையைத் தேர்ந்துகொண்டதும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வந்திருக்கிறது. இதை எடுத்துக்காட்டி, "அல்லாஹ் கொடுத்தது, பொறுத்துக்கொள்வோம்" என்று பெற்றோர் சொல்கிறார்கள். அவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அந்த அம்மையார் புத்தி தெளிந்த, பருவமடைந்த பெண்மணி. தம் உடம்புக்குத் தாமே தேர்ந்துகொண்டார்கள். நம் பிள்ளை எதையும் தேர்ந்துகொள்ளவில்லையே! வேதனை அவனுக்கு, பொறுமையின் பெயர் நமக்கா? அநாதையின் சொத்தை அவனுக்கு நன்மையான வழியிலன்றி நெருங்கவே கூடாதென்று குர்ஆன் தடுத்திருக்கிறது. வலியானவர் தம் பொறுப்பிலுள்ள சிறுவனின் காசைக்கூட அவனுக்கு நஷ்டமான வழியில் செலவிட முடியாதென்றால், அவனுடைய புத்தியை மட்டும் பாழாக விட்டுவிட அனுமதி எங்கிருந்து வந்தது? பெரியவர் தம் நோயைப் பொறுப்பது ஒரு விஷயம். பிள்ளையின் நோயைப் பிள்ளைக்குப் பதிலாகப் பொறுப்பது வேறு விஷயம் என்பதே நமது அபிப்பிராயம்.

தகுந்தவரிடம் அனுப்பி வைப்பது ஸுன்னத்தான வழியாகவும் இருக்கிறது. ஸஅது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றபோது நபி (ஸல்) அவர்கள் பார்க்கச் சென்று, தங்கள் முபாரக்கான கரத்தை அவர்களுடைய நெஞ்சின் மீது வைத்தார்கள். அதன் குளிர்ச்சி இதயத்தில் பட்டதென்று ஸஅது (ரலி) அவர்களே கூறுகிறார்கள். அந்தக் கரம் பட்ட பிறகும், ஸகீஃப் கூட்டத்து ஹாரிஸ் இப்னு கலதாவிடம் போகும்படியும், அவர் வைத்தியம் தெரிந்தவர் என்றும் நபியவர்கள் சொன்னார்கள். இது அபூதாவூதில் உள்ளது. அந்த ஹாரிஸ் இஸ்லாத்தைத் தழுவியதற்கு உறுதியான சான்று இல்லை என்று அறிஞர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். ஆகவே நாசரேத்தில் மிஷனரிமார் காலத்திலிருந்து நடந்துவரும் ஆஸ்பத்திரிக்குப் போகலாமா, பிற மத டாக்டரிடம் பிள்ளையின் மனதைத் திறந்து காட்டலாமா என்று நம்மிடம் கேட்பவர்களுக்கு இதிலேயே விடை இருக்கிறது. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இன்னொரு செய்தி: காயப்பட்ட ஒருவருக்காக இரண்டு வைத்தியர்கள் வந்தபோது, உங்களில் யார் வைத்தியத்தில் சிறந்தவர் என்று நபியவர்கள் விசாரித்தார்கள். வைத்தியம் தெரியாமலே வைத்தியம் பார்ப்பவன் ஏற்படும் கேட்டுக்குப் பொறுப்பாளி என்ற ஹதீஸையும் சேர்த்துப் பார்த்தால், ஓதிப் பார்ப்பவர்களாகிய நாம் கொஞ்சம் நடுங்கத்தான் வேண்டும்.

ஜின்னும் ஷைத்தானும் உண்மை என்பது நம் ஈமான். அதனால் ஒவ்வொரு வியாதியும் அவர்களிடமிருந்தே வந்ததென்று ஆகிவிடாது. வஸ்வாஸ் ஒன்று மார்க்கம் தெரியாததால் வரும், அல்லது புத்தியில் ஏற்பட்ட குறையால் வரும் என்று நம் மத்ஹபின் பெரியோர்கள் பிரித்தே சொல்லியிருக்கிறார்கள். முதலாவதற்கு ஆலிம் வேண்டும். இரண்டாவதற்கு டாக்டர் வேண்டும். ஹிஜ்ரி 322ல் வஃபாத்தான அபூஸைத் அல்பல்கீ உடல் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் பற்றி எழுதிய நூலில், விடாமல் வரும் வஸ்வாஸுக்குத் தனிப் பகுதியே ஒதுக்கியிருக்கிறார். இன்றைய டாக்டர்கள் இதற்குச் செய்யும் பயிற்சி என்ன தெரியுமா? ஒரு முறை கழுவிவிட்டு, மனம் என்னதான் பதறினாலும் மறுபடி கழுவாமல் இருக்கப் பழக்குகிறார்கள். பதற்றம் ஏறி, தானாகவே இறங்குவதைப் பிள்ளை கண்டுகொள்கிறான். தேவைப்பட்டால் மாத்திரையும் தருகிறார்கள். அது பலன் காட்டச் சில வாரங்கள் செல்லும். சந்தேகத்தால் உறுதி நீங்காது என்ற ஃபிக்ஹுச் சட்டமும் இதையே சொல்கிறது. அந்தப் பையனிடம், "ஒரு தடவை கழுவினால் உன் ஒளு கூடிவிட்டது, சந்தேகம் வந்தாலும் தொழு" என்று நாம் ஃபத்வாவாகச் சொன்னது டாக்டருடைய வேலைக்குப் பெரிய உதவியாயிற்று. ஓதுவதையும் நிறுத்தவில்லை.

அனுப்பத் தாமதித்தால் எங்கே கொண்டு விடும் என்பதற்கு நம் கரையிலேயே ஒரு துக்கச் சம்பவம் உண்டு. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் விடுதியின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் கருகினார்கள். இறந்தவர்கள் 28 பேர். உச்சநீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. இப்போது 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி யாரையும் எந்த வகையிலும் சங்கிலியில் கட்டக்கூடாது. 18 வயதுக்குட்பட்ட பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் பெரியவர்களோடு கலந்து வைக்கக்கூடாது. காப்பாளர் ஒருவர் கூடவே தங்க வேண்டும். "பைத்தியங்களுக்கு நடுவில் போட்டுவிடுவார்களே" என்று அஞ்சும் உம்மாமார்களுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டும். மேலும், போகிறவர்களில் மிகப் பலர் தங்குவதேயில்லை. டாக்டரைப் பார்த்துவிட்டு மாலை ரயிலில் வீடு திரும்பிவிடுகிறார்கள்.

10 முதல் 19 வயது வரையுள்ளவர்களில் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு மனக்கோளாறு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அப்படியென்றால் நம் மக்தபில் ஓதும் பிள்ளைகளிலும் இருப்பார்கள். தூக்கம் கெடுவது, சாப்பாடு வெறுப்பது, கூட்டாளிகளை விட்டு ஒதுங்குவது, படிப்பு திடீரென்று சரிவது, யாரோ பேசுவதாகச் சொல்வது ஆகியவை வாரக்கணக்கில் நீடித்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். சாவைப் பற்றிப் பேசினாலோ, தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டாலோ அன்றைக்கே போக வேண்டும், பிள்ளையைத் தனியே விடக்கூடாது. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் கட்டணமில்லை. நமக்குப் பக்கத்தில் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் இருக்கின்றன. போவதற்கு வழி தெரியாவிட்டால் 2022ல் அரசு தொடங்கிய 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே கேட்கலாம். போகும்போது, எப்போது தொடங்கியது, ஒரு நாளில் எவ்வளவு நேரம், தூக்கம் எப்படி, ஆசிரியர் என்ன சொல்கிறார் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது நல்லது. பதற்றத்தில் பாதி மறந்து போகும். தாயத்து கட்டியிருந்தால் அதையும் மறைக்க வேண்டியதில்லை. இதைத் தெருவில் பேசித் திரிவது அமானிதத்திற்கு மோசம் செய்வதாகும், குறிப்பாகப் பெண்பிள்ளைகள் விஷயத்தில்.

நோன்புக் காலத்தில் மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்கிறார்கள். பருவமடையாத பிள்ளைக்கு நோன்பு ஃபர்ளே இல்லை. பருவமடைந்தவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு, இயன்றால் வேளையை ஸஹருக்கும் இஃப்தாருக்குப் பிறகும் மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றினால் நோய் கூடும் என்று டாக்டர் சொன்னால் நோன்பை விட்டுவிட்டுப் பின்னர் களாச் செய்யலாம். மாத்திரையைத் தாமாக நிறுத்தக்கூடாது.