புதுக் காருக்கு இன்னும் மூன்று மீட்டர் தேவையா?

நமது சங்க அன்பர் ஒருவர் அண்மையில் புதுக் கார் வாங்கியிருக்கிறார். வருகிற மே மாத விடுமுறையில் மனைவி, இரண்டு குழந்தைகள், எழுபது வயதைத் தாண்டிய தாயார் ஆகியோருடன் நாகபுரியிலிருந்து திருநெல்வேலிக்குக் காரிலேயே போவதாகத் திட்டம். "சார், இந்த வண்டியில டெம்பரேச்சர் மீட்டரே இல்ல. ஆயில் பிரஷர் மீட்டரும் இல்ல. வெறும் விளக்குதான். கடைக்காரர் மூணு மீட்டர் கொண்ட செட் ஒண்ணு மாட்டித் தர்றேங்கிறார். போட்டுடலாமா?" என்று கேட்டார். வேறு சிலரும் இதையே முன்னர் கேட்டிருப்பதால், தனித்தனியே பதில் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது. நான் டிப்ளமோ படித்துவிட்டு ரயில்வேயில் சேர்ந்து, பணிக்காலத்தின் பெரும்பகுதியை டீசல் ஷெட்டில் கழித்தவன். கார்க் கம்பெனிக்காரன் அல்லன். ஆனாலும் என்ஜின் என்பது எங்கே இருந்தாலும் என்ஜின்தான்.

முதலில் அவருடைய கவலை நியாயமானது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நாகபுரி வெயில் நமக்குத் தெரியும். மே மாதத்தில் 45 டிகிரி புதிதல்ல. ஐந்து பேர், மேலே மூட்டை முடிச்சு, முழு வேகத்தில் ஏ.சி. ஆதிலாபாத்தைத் தாண்டி நிர்மல் பக்கத்து ஏற்றத்தில் என்ஜின் கொதித்து ஹெட் கேஸ்கெட் போய்விட்டால், செலவு ஒருபுறம் இருக்கட்டும், வயதான தாயாரை வைத்துக்கொண்டு அந்த வெயிலில் நடுச்சாலையில் என்ன செய்வது? ஆகவே இது வெறும் அலங்காரக் கேள்வி அல்ல.

அம்பாசடர் போன்ற பழைய கார்களில் டாஷ்போர்டில் சூடு, ஆயில் அழுத்தம், பேட்டரிக்குப் போகும் மின்னோட்டம் எல்லாவற்றுக்கும் முள் இருந்தது. இப்போது பல கார்களில் அவை மறைந்து, குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு என்று ஆகிவிட்டது. கம்பெனிகள் காசு மிச்சம் பிடிக்கின்றன என்பது பாதி உண்மை. மறுபாதி என்னவென்றால், அந்த வேலையை இன்று என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் செய்கிறது. கூலன்ட்டின் சூட்டை அது ஒவ்வொரு கணமும் பார்த்துக்கொண்டே இருக்கிறது. சூடு ஏறினால் மின்விசிறியை வேகமாகச் சுற்ற வைக்கிறது. பல வண்டிகளில் ஏ.சி. கம்ப்ரெசரையும் தானே நிறுத்திவிடுகிறது. முள் இருக்கும் வண்டிகளிலும் அது பெரும்பாலும் உள்ளதை உள்ளபடி காட்டுவதில்லை. ஏறத்தாழ 75 டிகிரியிலிருந்து 105 டிகிரி வரை நடுவிலேயே நிற்கும்படி செய்துவிடுகிறார்கள். முள் கொஞ்சம் ஆடினாலே வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிக்கொண்டு வரும் வாடிக்கையாளர்களுக்காக ஏற்பட்ட ஏற்பாடு அது!

ரயில் என்ஜினில் எப்படி என்று பாருங்கள். டபிள்யூ.டி.எம்.2 என்ற 2,600 குதிரைத்திறன் கொண்ட டீசல் என்ஜின்கள் 1964 முதல் வாரணாசியில் தயாரானவை. அவற்றின் டிரைவர் முன்னால் மீட்டர்களுக்குக் குறைவே இல்லை: ஆயில் அழுத்தம், டர்போவிலிருந்து வரும் காற்றழுத்தம், மோட்டார்களுக்குப் போகும் மின்னோட்டம், பிரேக் பைப்பில் 5 கிலோ அழுத்தம் இருக்கிறதா என்பது, இப்படிப் பல. ஆனால் என்ஜினைக் காப்பாற்றும் பொறுப்பை டிரைவரின் கண்ணை நம்பி விட்டுவிடவில்லை. ஆயில் அழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் ஒரு ஸ்விட்ச் என்ஜினைத் தானே நிறுத்திவிடும். தண்ணீர் மட்டம் குறைந்தால் இன்னொரு ஸ்விட்ச் அதையே செய்யும். சூடு மிஞ்சினால் மணி அடிக்கும், விளக்கு எரியும். ஏனென்றால் டிரைவரின் கண் சிக்னல் மேல் இருக்க வேண்டும். மீட்டர் மேல் அல்ல. நீராவி என்ஜின் காலத்திலேயே இந்த அறிவு இருந்தது. பாய்லரில் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய் இருந்தும், நெருப்புப் பெட்டியின் கூரையில் ஈயம் வார்த்த ஒரு பிளக்கையும் வைத்தார்கள். தண்ணீர் வற்றினால் ஈயம் உருகி, நீராவி நெருப்பின் மேல் சீறும், எச்சரிக்கை கிடைத்துவிடும்.

அப்படியானால் மீட்டர் எதற்கு? போக்கைத் தெரிந்துகொள்ள. ஒரு என்ஜினின் ஆயில் அழுத்தம் சென்ற மாதம் இருந்ததைவிட இந்த மாதம் சற்றுக் குறைந்திருந்தால், அது இன்னும் அபாய எல்லைக்கு வெகு தூரத்தில் இருந்தாலும், எங்கள் ஷெட்டில் பேரிங்கைச் சந்தேகிப்போம். விளக்கால் இதைச் சொல்ல முடியாது. ஆனால் இதற்கு இரண்டு நிபந்தனைகள். ஒன்று, யாராவது எண்ணைக் குறித்து வைத்து ஒப்பிட வேண்டும். இரண்டு, மீட்டரே சரியாக இருக்க வேண்டும். ரயில்வேயில் பிரஷர் கேஜ்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை கழற்றி, தெரிந்த எடைகளை ஏற்றி அழுத்தம் கொடுக்கும் கருவியில் வைத்துச் சோதிப்போம். கடையில் அட்டைப்பெட்டியில் வரும் மூன்று மீட்டர் செட்டை யார் எப்போது சோதித்தார்கள்?

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மூன்றில் உண்மையாகவே பயன் தரக்கூடியது ஆயில் பிரஷர் மீட்டர்தான். காரிலுள்ள சிவப்பு ஆயில் விளக்கு, அழுத்தம் ஏறத்தாழ அரை கிலோவுக்கும் கீழே விழுந்த பிறகுதான் எரியும். நெடுஞ்சாலை வேகத்தில் என்ஜினுக்குத் தேவையோ மூன்று, நான்கு கிலோ. நூறு கிலோமீட்டர் வேகத்தில் அந்த விளக்கு எரிந்தால், பேரிங் ஏற்கனவே அடி வாங்கியிருக்கலாம். ஆனால், மாட்டுவதற்கு மிக ஆபத்தானதும் இதே மீட்டர்தான். பழைய முறையில் கொதிக்கும் ஆயிலையே மெல்லிய குழாய் வழியாக டாஷ்போர்டுக்குக் கொண்டுவருவார்கள். அந்தக் குழாய் உராய்ந்து ஓட்டை விழுந்தால் ஆயில் உங்கள் காலில், அல்லது சூடான புகைக்குழாயில். மின்சார முறையில் அந்தத் தொல்லை இல்லை. ஆயில் ஸ்விட்ச் இருக்கும் துளையில் ஒரு 'டி' ஜாயின்ட் போட்டு, கூடவே கனமான சென்சாரைத் தொங்கவிடுவார்கள். என்ஜின் அதிர்வில் தொங்குகிற எடை என்ன செய்யும் என்பதை உடைந்த குழாய்களை மாற்றிய எவரும் சொல்வார்கள்.

இன்னொரு நுணுக்கம். ஜப்பானிய வழி வந்த பல கார்களில் அந்தத் துளையின் மரை, பிரிட்டிஷ் முறையில் கால் அங்குலத்தில் பாதியான அரைக்கால் அங்குல அளவு. ஓர் அங்குலத்துக்கு 28 சுற்று. அமெரிக்க முறை மீட்டர்களின் சென்சாரில் அதே அரைக்கால் அங்குலத்துக்கு 27 சுற்று. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. முதல் இரண்டு மூன்று சுற்று சுகமாக உள்ளே போகும். அதன்பின் மெக்கானிக் ஸ்பேனரைப் போட்டு அழுத்துவார். அலுமினிய பிளாக்கின் மரை போய்விடும். ஒரே ஒரு சுற்று வித்தியாசம், புது என்ஜின் கசிகிறது. ஒரு மெக்கானிக்கிடம் வேலையைக் கொடுப்பதற்கு முன், "இது என்ன மரை?" என்று கேளுங்கள். விழித்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

டெம்பரேச்சர் மீட்டர் பற்றி எல்லோருக்கும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. அது என்ஜினின் சூட்டைக் காட்டுவதாக நினைக்கிறோம். அது காட்டுவது சென்சாரைச் சுற்றியுள்ள கூலன்ட்டின் சூட்டை மட்டுமே. ஹோஸ் வெடித்துக் கூலன்ட் முழுவதும் வெளியே போய்விட்டால், சென்சார் வெறும் காற்றில் நிற்கும். அப்போது முள் ஏறாமல் இருக்கலாம், இறங்கவும் செய்யலாம். என்ஜினோ உள்ளே வறுபட்டுக்கொண்டிருக்கும். ரயில் என்ஜினில் சூட்டுக்கு ஒரு ஸ்விட்ச், தண்ணீர் மட்டத்துக்கு வேறொரு ஸ்விட்ச் என்று தனித்தனியாக வைத்ததன் காரணம் இதுதான். ஆகவே நான் அன்பரிடம் சொன்னேன்: "தம்பி, ஆயிரம் ரூபாய் மீட்டரைவிட, காலையில் வண்டி எடுக்கும் முன் பானெட்டைத் திறந்து கூலன்ட் டப்பாவைப் பாருங்க. மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவே இருக்கணும். நேத்து இருந்ததைவிட இன்னிக்குக் குறைஞ்சிருந்தா, எங்கே போச்சுன்னு கண்டுபிடிக்காம ஊருக்குக் கிளம்பாதீங்க."

கூலன்ட்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீர் ஊற்றும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. ரேடியேட்டர் மூடி ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தத்தைப் பிடித்து வைக்கும்போது வெறும் தண்ணீரே 120 டிகிரியில்தான் கொதிக்கும். கிளைக்கால் கலந்த கூலன்ட் அதற்கும் மேலே தாங்கும். துருவும் பிடிக்காது. சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் திறந்தால் அழுத்தம் விடுபட்டு மொத்தமும் ஒரே நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். இதை வீட்டிலுள்ள பெரிய பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

மூன்றாவது வோல்ட் மீட்டர். பழைய அம்பியர் மீட்டரை இன்று யாரும் போடக்கூடாது. பேட்டரி மின்னோட்டம் முழுவதையும் டாஷ்போர்டு வரை இழுத்து வர வேண்டியிருக்கும், தீப்பிடிக்க வழி. வோல்ட் மீட்டருக்கு இரண்டு ஒயர், ஒரு ஃபியூஸ் போதும். என்ஜின் நின்றிருக்கும்போது 12.6, ஓடும்போது 14 வோல்ட் என்பது பாலபாடம். ஆனால் புதிய கார்கள் சிலவற்றில் பெட்ரோலை மிச்சப்படுத்துவதற்காக ஆல்டர்னேட்டரைக் கம்ப்யூட்டரே ஏற்றி இறக்குகிறது. முள் 12-க்கும் 15-க்கும் இடையே ஊசலாடும். பாலபாடம் மட்டும் படித்தவருக்கு ஓயாத கவலைதான் மிச்சம்.

மாட்டும் இடத்தையும் யோசிக்க வேண்டும். கண்ணாடிக்குப் பக்கத்துத் தூணில் இரண்டு மீட்டர் வைப்பது ஒரு நாகரிகம். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள வண்டிகளில் அந்தத் திரை அந்தத் தூணை ஒட்டித்தான் விரிகிறது. டாஷ்போர்டின் மேல், முன் பயணியின் எதிரேயும் ஏர்பேக் இருக்கிறது. விபத்து நேரத்தில் அங்கே வைத்த மீட்டர் வீட்டம்மாவின் முகத்தை நோக்கிப் பாயும் கல் ஆகிவிடும். ஒயரிங்கை வெட்டி டேப் சுற்றினால், பின்னால் வரும் எந்த மின்கோளாறுக்கும் வாரண்டி மறுக்கக் கம்பெனிக்கு ஒரு காரணத்தை நாமே எழுதிக் கொடுத்தது போலாகும்.

எனவே வாரண்டி உள்ள புதுக் காரில் தனி மீட்டர் வேண்டாம் என்பதே என் முடிவு. எண்களைப் பார்த்தே தீர வேண்டும் என்பவர்களுக்கு வெட்டாமல் ஒட்டாமல் ஒரு வழி இருக்கிறது. நம் நாட்டில் 2013 ஏப்ரல் முதல் கார்களில் முழு அளவிலான ஓ.பி.டி. ஏற்பாடு கட்டாயமானது. ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 துளைகள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். ஒர்க்‌ஷாப்பில் கம்ப்யூட்டரை இணைப்பது அதில்தான். சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கும் சிறு கருவியை அதில் செருகினால், கூலன்ட்டின் சூடு, வோல்ட், டர்போ இருந்தால் அதன் அழுத்தம் முதலியவை செல்போனில் எண்ணாகவே தெரியும். என்ஜின் கம்ப்யூட்டர் பார்க்கும் அதே எண். இடையில் யாரும் முள்ளை நிறுத்தி வைக்கவில்லை. ஆயில் அழுத்தம் மட்டும் பொதுவாக இதில் வராது. பத்து வருடம் ஓடிய, வாரண்டி முடிந்த வண்டியை வைத்திருப்பவர், விவரம் தெரிந்த மெக்கானிக் கிடைத்தால், ஆயில் மீட்டர் ஒன்று மட்டும் போட்டுக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மின்சாரக் கார் வாங்கியவர்களுக்கு இந்தக் கட்டுரையில் பாதி தேவைப்படாது.

பயணத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காட்டோல் பக்கம் போய் வாருங்கள். ஏ.சி.யுடன், ஏ.சி. இல்லாமல், சமதரையில், ஏற்றத்தில் என்ன சூடு காட்டுகிறது என்று பக்கத்தில் இருப்பவர் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளட்டும். ஓட்டுகிறவர் செல்போனைப் பார்க்க வேண்டாம். சாவியைத் திருப்பி, என்ஜினைக் கிளப்பும் முன், எச்சரிக்கை விளக்குகள் எரிகின்றனவா என்றும் பாருங்கள். ஆயில் விளக்கு அப்போது எரியாவிட்டால், தேவைப்படும் நாளிலும் எரியாது. எந்தெந்த விளக்கு எரிந்து அணைய வேண்டும் என்பது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும்; பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமலே வைத்திருக்கிறோமே, அதே புத்தகம்தான்.

வழியில் சூட்டு விளக்கு சிவப்பாக எரிந்தால் ஏ.சி.யை நிறுத்தி, ஹீட்டரை முழுதாகத் திறந்து, இடப்புறம் நிழலான இடத்தில் ஒதுங்கி, ஆற விடுங்கள். ஆயில் விளக்கு எரிந்தால் நிழலெல்லாம் தேட வேண்டாம். பாதுகாப்பாக ஓரங்கட்டியவுடன் என்ஜினை அணைத்துவிட வேண்டும், அடுத்த ஊர் வரை பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே கூடாது. திருநெல்வேலி போய்ச் சேர்ந்ததும் அந்த ஓ.பி.டி. கருவியைக் கழற்றி டாஷ்போர்டு அறையில் போட்டுவிடுங்கள். அதைச் செருகியபடியே வண்டியைப் பத்து இருபது நாள் வாசலில் நிறுத்தினால், திரும்பும் அன்று பேட்டரி இறங்கியிருக்கக்கூடும்.